ஓய்வு நேரத்தில் கேம் உருவாக்குகிறீர்களா? திறந்த மூல உரிமம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

சுபாங் ஜெயா – எஸ்.எஸ். 15 வட்டாரத்தில் மாலை வேளையில் எந்த மாமாக் கடையில் உட்கார்ந்தாலும் மடிக்கணினியும் தே தாரிக்குமாக இரண்டு மூன்று மாணவர்களைப் பார்க்கலாம். பக்கத்திலேயே கல்லூரிகள். பண்டார் சன்வே வரை போனால் பல்கலைக்கழகங்கள். இந்த இளைஞர்களில் சிலர் பாடத்துக்காக அல்லாமல் ஆசைக்காகவே கணினி விளையாட்டு உருவாக்குகிறார்கள்.

அப்படி மூன்று நண்பர்கள் சேர்ந்து நம் பல்லாங்குழியைக் கைத்தொலைபேசி விளையாட்டாக ஆக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நிரல் எழுதுகிறார். ஒருவர் படம் வரைகிறார். ஒருவர் இசையும் ஒலியும் சேர்க்கிறார். போதாததை இணையத்திலிருந்து பதிவிறக்கம் செய்கிறார்கள். எட்டு மாதத்தில் விளையாட்டு தயார். வெளியிட்ட இரண்டாவது மாதம் ஒரு நிறுவனம் விலைக்குக் கேட்கிறது. படம் வரைந்தவர் இதற்குள் ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் ஒப்புக்கொள்ளாமல் விற்கலாமா? பின்னணியில் ஒலிக்கும் நாதஸ்வர இசை எந்தத் தளத்திலிருந்து எடுத்தது? அந்தத் தமிழ் எழுத்துருவை விற்பனைப் பொருளில் சேர்க்க அனுமதி உண்டா? மூவரில் யாருக்கும் பதில் தெரியாது. விளையாட்டு அங்கேயே நின்றுவிடும்.

சுபாங் ஜெயா, சீபில்ட் ரப்பர் தோட்டம் இருந்த மண்ணில் 1970-களில் எழத் தொடங்கிய நகரம். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்தும் கையில் நிலப்பட்டா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்திலிருந்து வந்த நம் குடும்பங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. உழைப்பு நம்முடையது என்பது ஒன்று, அதற்கான காகிதம் நம் கையில் இருப்பது வேறொன்று. கேம் உருவாக்கத்தில் அந்தக் காகிதத்தின் பெயர் உரிமம். அதை எழுத அரை மணி நேரம் போதும்.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் (சட்டம் 332) நடப்பில் உள்ளது. கணினி நிரலை அது இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஒரு நாவலுக்கு உள்ள பாதுகாப்பு நீங்கள் எழுதும் நிரலுக்கும் உண்டு. படம் கலைப்படைப்பாகவும், மெட்டு இசைப்படைப்பாகவும், பதிவு செய்யப்பட்ட ஒலி ஒலிப்பதிவாகவும் தனித்தனியே காக்கப்படுகின்றன.

பதிப்புரிமை பெற எங்கும் பதிவு செய்யவோ கட்டணம் கட்டவோ தேவையில்லை. சொந்த முயற்சியில் எழுதி அல்லது வரைந்து முடித்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. நிரல், படம், இசை ஆகியவற்றுக்கு அது படைத்தவரின் ஆயுள் முழுதும், அவர் இறந்த பிறகு 50 ஆண்டுகளும் நீடிக்கும். பின்னாளில் தகராறு வந்தால் ஆதாரம் வேண்டும் என்று நினைப்பவர்கள் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் (மைஐபோ) தாங்களாக முன்வந்து அறிவித்துவைக்கலாம். இந்த வசதி 2012 முதல் உள்ளது.

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். பதிப்புரிமை தானாகவே வருவதால், உரிமம் எதுவும் எழுதப்படாத படைப்பு பொதுச்சொத்து ஆகிவிடாது. அது முழுக்க முழுக்கப் படைத்தவருக்கே சொந்தம். கிட்ஹப் தளத்தில் ஒருவர் தம் நிரலை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார், ஆனால் உரிமக் கோப்பு இல்லை என்றால், அந்தத் தளத்தின் விதிப்படி நீங்கள் அதைப் பார்க்கலாம், அத்தளத்துக்குள் நகலெடுத்து வைக்கலாம். உங்கள் விளையாட்டில் சேர்த்து வெளியிட அனுமதி கிடையாது. அடுத்தவர் வீட்டுக் கதவு திறந்திருப்பதால் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது அல்லவா?

வெளிநாட்டுக்காரர் படைப்புதானே என்று தப்பிக்கவும் முடியாது. மலேசியா 1990-இல் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. ஜப்பானில் வரைந்த படமும் சென்னையில் போட்ட மெட்டும் இங்கேயும் காக்கப்படுகின்றன.

இலவசம் வேறு, திறந்த மூலம் வேறு

காசு கேட்காமல் கிடைப்பதெல்லாம் திறந்த மூலம் அல்ல. கைத்தொலைபேசியில் நாம் விளையாடும் பல விளையாட்டுகள் இலவசம்தான். ஆனால் அவற்றின் மூல நிரலை நாம் பார்க்கவோ திருத்தவோ முடியாது.

திறந்த மூலம் என்றால் நான்கு அனுமதிகள் சேர்ந்தே வர வேண்டும். யாரும் எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம். மூல நிரலைப் படித்துக் கற்கலாம். மாற்றி எழுதலாம். மாற்றியதையும் மாற்றாததையும் பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ‘வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தாலே அது திறந்த மூலத்தின் வரையறையை விட்டு வெளியேறிவிடும். அப்படி நிபந்தனை போடுவது குற்றமல்ல, உங்கள் விருப்பம். ஆனால் அதற்குத் ‘திறந்த மூலம்’ என்று பெயர் சூட்டினால் அதை நம்பி எடுப்பவர் சிக்கலில் மாட்டுவார்.

ஒரு விளையாட்டுக்குள் பல சொத்துகள்

விளையாட்டு என்பது வெளியிலிருந்து பார்க்க ஒரே பொருள். உள்ளே நிரல், படம், இசை, எழுத்துரு, வசனம் எனப் பல பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர், தனி உரிமம் இருக்கலாம்.

இதற்குப் பழைய எடுத்துக்காட்டு ‘டூம்’. 1993 டிசம்பரில் அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் வெளியிட்ட சுடும் விளையாட்டு அது. 1997 டிசம்பரில் அந்நிறுவனம் அதன் மூல நிரலை வெளியிட்டது. முதலில் வணிகத்துக்குத் தடை இருந்தது. 1999-இல் அதே நிரல் ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்துக்கு மாறியது. உலகெங்கும் ஆர்வலர்கள் அதை எடுத்துப் புதிய கணினிகளிலும் கருவிகளிலும் ஓட வைத்தார்கள். அதனால்தான் 30 ஆண்டுகள் கடந்தும் அந்த விளையாட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் நிறுவனம் திறந்துவிட்டது நிரலை மட்டுமே. அரக்கர்களின் உருவங்கள், இசை, ஆட்டக் கட்டங்கள் ஆகியவை விற்பனைச் சொத்தாகவே இருந்தன, இப்போதும் அப்படித்தான். எனவே தன்னார்வலர்கள் ‘ஃப்ரீடூம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, படம் முதல் ஒலி வரை அனைத்தையும் புதிதாக உருவாக்கித் தாராளமான உரிமத்தில் வெளியிட்டார்கள். நிரல் திறந்திருக்கிறது என்பதற்காக அதனுடன் வரும் படமும் இசையும் திறந்திருக்கும் என்று எண்ணக்கூடாது.

நிரலுக்கு எந்த உரிமம்?

உலகில் நூற்றுக்கணக்கான உரிமங்கள் இருந்தாலும், ஓய்வு நேரத்தில் கேம் உருவாக்குபவர் பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கும்.

முதலாவது எம்.ஐ.டி. உரிமம். ஒரே பக்கத்தில் அடங்கும். ‘என் பெயரையும் இந்த உரிம வாசகத்தையும் நீக்காதீர்கள். மற்றபடி என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் நான் பொறுப்பல்ல’ என்பதே அதன் சாரம். உங்கள் நிரலை எடுப்பவர் தம் மாற்றங்களை உலகுக்குக் காட்ட வேண்டியதில்லை. மூடிவைத்து விற்கலாம்.

இரண்டாவது ஜி.பி.எல். இதன் இரண்டாம் பதிப்பு 1991-இலும் மூன்றாம் பதிப்பு 2007-இலும் வெளிவந்தன. ‘நான் உனக்குத் திறந்து கொடுத்தேன், நீயும் அடுத்தவருக்குத் திறந்தே கொடு’ என்பது இதன் அடிப்படை. உங்கள் நிரலை மாற்றி வெளியிடுபவர், அதைப் பெற்றுக்கொள்பவர்களுக்கு மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். விற்கத் தடையில்லை. மூடத்தான் தடை.

எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பின்னால் மனவருத்தம் வராமல் இருக்க ஒரு கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

2014 மார்ச்சில் இத்தாலியைச் சேர்ந்த 19 வயது இளைஞர் கேப்ரியேல் சிருல்லி, ஒரு வார இறுதியில் ‘2048’ என்ற எண் விளையாட்டை எழுதி இணையத்தில் வைத்தார். அது முன்பே இருந்த சில விளையாட்டுகளின் தாக்கத்தில் எழுந்தது என்பதையும் சொன்னார். நிரலை எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்து வைத்தார். சில நாள்களில் லட்சக்கணக்கானோர் விளையாடினார்கள். ஆயிரக்கணக்கானோர் நிரலை எடுத்துத் தங்கள் விருப்பப்படி மாற்றினார்கள். அவர் தம் சொந்தச் செயலியைக் கொண்டுவரும் முன்பே, வேறு நிறுவனங்கள் அதே பெயரில் விளம்பரத்தோடு கூடிய செயலிகளை வெளியிட்டு வருமானம் பார்த்தன.

உரிமத்தின்படி அவர்கள் நிரலை எடுத்ததில் தவறில்லை. உரிமை கொடுத்தது அவர்தான். ஜி.பி.எல். போட்டிருந்தால்கூட விளம்பரத்தைத் தடுத்திருக்க முடியாது. அவருடைய நிரலைப் பயன்படுத்தியவர்கள் மூல நிரலைத் திறந்து காட்ட வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான். யாராவது இதை வைத்துப் பணம் சம்பாதித்தால் எனக்கு வருத்தமாக இருக்குமா என்று வெளியிடும் முன்பே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். வருத்தம் வரும் என்றால் திறந்த மூலம் உங்களுக்கு ஏற்றதல்ல. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருமுறை கொடுத்த உரிமத்தை, நிபந்தனையை மீறாமல் பயன்படுத்துபவரிடமிருந்து திரும்பப் பெறுவது நடைமுறையில் இயலாத காரியம். அடுத்து வரும் பதிப்பின் உரிமத்தை மட்டும் நீங்கள் மாற்றலாம்.

ஜி.பி.எல். நிரலை எடுத்துப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை விதிமுறைகளும் ஜி.பி.எல். நிபந்தனைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ‘குனு கோ’ என்ற பலகை விளையாட்டு 2010-இலும் ‘வி.எல்.சி.’ காணொளிச் செயலி 2011 ஜனவரியிலும் இந்த மோதலால் அங்கிருந்து நீக்கப்பட்டன. நிரல் முழுவதும் நீங்களே எழுதியது என்றால் உரிமையாளர் என்ற முறையில் அந்தக் கடைக்கு மட்டும் வேறு உரிமத்தில் கொடுக்கலாம். அடுத்தவரின் ஜி.பி.எல். நிரல் பத்து வரி கலந்திருந்தாலும் அவருடைய சம்மதம் வேண்டும்.

படம், இசை, ஒலி

நிரலுக்கான உரிமங்கள் படத்துக்கும் இசைக்கும் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. இவற்றுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் உள்ளன. சுருக்கமாகச் சி.சி. என்பார்கள். நிரலுக்குச் சி.சி. உரிமத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த அமைப்பே அறிவுறுத்துகிறது. சி.சி. உரிமங்கள் பல வகைப்படும்.

- சி.சி. ஸீரோ: எந்த நிபந்தனையும் இல்லை. பெயர் போடுவதுகூடக் கட்டாயமில்லை. கென்னி தளத்தில் கிடைக்கும் கேம் படங்கள் இந்த வகை. புதியவர்கள் இதிலிருந்து தொடங்கினால் தலைவலி குறைவு.
- சி.சி. பை: படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும்.
- சி.சி. பை எஸ்.ஏ.: பெயர் சொல்வதோடு, அந்தப் படத்தை மாற்றி உருவாக்கியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும்.
- சி.சி. என்.சி.: வணிகப் பயன்பாடு கூடாது. விளையாட்டை விற்றாலோ விளம்பரம் சேர்த்தாலோ பிரச்சினை.
- சி.சி. என்.டி.: மாற்றியதை வெளியிடக்கூடாது. படத்தை வெட்டி ஒட்டாமல் கேம் உருவாக்குவது அரிது, எனவே நமக்குப் பயன் குறைவு.

ஓபன்கேம்ஆர்ட், ஃப்ரீசவுண்ட் போன்ற தளங்களில் ஒரே பக்கத்தில் பல உரிமங்கள் கலந்து கிடக்கும். தளத்தின் பெயரை நம்பாமல், எடுக்கும் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் ஸ்கிராட்ச் தளத்தில் விளையாட்டு உருவாக்குகிறார்கள் என்றால் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அங்கே பொதுவில் பகிரப்படும் எல்லாத் திட்டங்களும் சி.சி. பை எஸ்.ஏ. உரிமத்தின் கீழ் வருகின்றன. உங்கள் பிள்ளையின் விளையாட்டை வேறொரு பிள்ளை எடுத்து மாற்றலாம், பெயரைக் குறிப்பிட்டு. இது திருட்டல்ல. அங்கே கற்றுக்கொள்ளும் முறையே அதுதான்.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் திரைப்பாட்டு. பிடித்த பாட்டின் பத்து விநாடியைத் தொடக்கத் திரையில் ஓடவிடுகிறார்கள். ‘பத்து விநாடி வரை பரவாயில்லை’ என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அந்தப் பத்து விநாடிக்குள் மெட்டுக்கு ஓர் உரிமை, வரிக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை என மூன்று உரிமைகள் அடங்கியிருக்கின்றன. உங்கள் கம்போங்கில் உறுமி அடிக்கும் அண்ணனைக் கேட்டு, அவர் அனுமதியோடு கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்து சேர்த்தால் அது பாதுகாப்பானது. கேட்கவும் நம் மண்ணின் சத்தமாக இருக்கும்.

தமிழ் எழுத்துருவும் தமிழ்ச் சொல்லும்

எழுத்துருக் கோப்பும் ஒரு மென்பொருள், அதற்கும் உரிமம் உண்டு. விண்டோஸில் வரும் லதா, நிர்மலா எழுத்துருக்கள் அந்தக் கணினியில் பயன்படுத்தத் தரப்பட்டவை. ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி, நம் மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்தது. நம்மவர் செய்தது, நம் கணினியிலேயே இருக்கிறது என்பதற்காக அந்தக் கோப்பை நகலெடுத்து விளையாட்டுக்குள் வைத்து விநியோகிக்க முடியாது.

இதற்கு மாற்றாக எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் வரும் தமிழ் எழுத்துருக்கள் பல உள்ளன. நோட்டோ சான்ஸ் தமிழ், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான், ஏக் டைப் குழுவின் முக்த மலர், மீரா இனிமை ஆகியவை அவற்றில் சில. இவற்றை விளையாட்டுக்குள் வைத்து விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது, உரிம வாசகத்தைக் கூடவே வைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

சொல் விளையாட்டு உருவாக்குபவர்களுக்கு இன்னொரு தேவை, எழுத்துகளைப் பிரிப்பது. கணினிக்குக் ‘கொ’ என்பது ஒரே எழுத்து அல்ல, ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்தது. இதைச் சரியாகப் பிரித்துத் தரும் ‘ஓபன் தமிழ்’ என்ற பைத்தான் நிரல் தொகுப்பு எம்.ஐ.டி. உரிமத்தில் கிடைக்கிறது. சொற்பட்டியல் வேண்டும் என்றால் தமிழ் விக்சனரி உண்டு. அது சி.சி. பை எஸ்.ஏ. உரிமம் என்பதை மறக்கக்கூடாது. திருக்குறள் எவருக்கும் சொந்தமல்ல. ஆனால் அண்மைக்கால அறிஞர் எழுதிய உரைக்கு உரிமை இருக்கலாம். குறள் விளையாட்டு செய்பவர்கள் விளக்கத்தைத் தங்கள் சொந்தச் சொற்களில் எழுதிக்கொள்வதே நல்லது.

எஞ்சினும் உரிமம்தான்

கேம் எஞ்சின் என்பது அடித்தளம். அடித்தளம் அடுத்தவர் நிலத்தில் இருந்தால் வாடகை எப்போது ஏறும் என்று தெரியாது. இதை உலகெங்கும் சிறு உருவாக்குநர்கள் 2023-இல் அனுபவித்தார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி யூனிட்டி நிறுவனம், வருமானமும் நிறுவல் எண்ணிக்கையும் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய விளையாட்டுகளுக்கு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விதிகளைத் தளர்த்தியது. சரியாக ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பரில், கட்டணத்தை முற்றாகக் கைவிட்டது.

அந்த நாள்களில் பலருடைய கண் கோடோ எஞ்சின் மீது திரும்பியது. அர்ஜெண்டினாவில் ஹுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் உருவாக்கிய கோடோ, 2014 முதல் எம்.ஐ.டி. உரிமத்தில் உள்ளது. உங்கள் விளையாட்டின் வருமானத்தில் பங்கு கேட்காது. ஏற்கெனவே கையில் உள்ள பதிப்பின் உரிமத்தை யாராலும் பின்னாளில் மாற்ற முடியாது.

தமிழருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4, தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டுகிறது. அதற்கு முன் ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்த தொல்லை இதில் இல்லை. எழுத்தைக் கோக்கும் வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலும் திறந்த மூலமே.

கோடோவில் செய்த விளையாட்டை வெளியிடும்போது அதன் உரிம வாசகத்தை விளையாட்டின் நன்றித் திரையிலோ உடன் வரும் கோப்பிலோ சேர்க்க வேண்டும். பலரும் மறக்கும் சிறு கடமை இது.

விதி பொது, தோற்றம் சொந்தம்

பல்லாங்குழியின் விதி யாருக்கும் சொந்தமல்ல. மலாய் நண்பர்களின் சொங்காக் விதியும் அப்படித்தான். எண்ணத்துக்கும் செயல்முறைக்கும் பதிப்புரிமை இல்லை என்று நம் சட்டமே கூறுகிறது. ஆனால் இன்னொருவருடைய பல்லாங்குழிச் செயலியின் பலகைப் படத்தையும் திரை அமைப்பையும் அப்படியே எடுத்தால் அது வேறு கதை. 2012-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி நீதிமன்றம் டெட்ரிஸ் வழக்கில் இந்தக் கோட்டைத்தான் போட்டது. விதி பொது, ஆனால் கட்டைகளின் வடிவத்தையும் ஆட்டக் கட்டத்தின் அளவையும் அப்படியே ஒத்த நகல் மீறல் என்று தீர்ப்பானது.

அண்மைய பாடம் ‘வேர்டில்’ சொல் விளையாட்டு. நியூயார்க் டைம்ஸ் அதை 2022 ஜனவரியில் வாங்கியது. ‘ரியாக்டில்’ என்ற திறந்த மூல நகல் ஒன்று கிட்ஹப்பில் இருந்தது. அதை எடுத்து ஏறக்குறைய 1,900 நகல்கள் பிறந்தன. அவற்றில் பல, வேற்று மொழிகளிலான சொல் விளையாட்டுகள். 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் பதிப்புரிமை அறிவிப்பு அனுப்பியது. அந்தக் களஞ்சியமும் அதன் நகல்களும் அங்கிருந்து மறைந்தன.

நகலெடுத்தவர்கள் பலர் திறந்த மூல உரிமம் இருக்கிறதே என்று நம்பித்தான் எடுத்தார்கள். ஆனால் ஒருவர் தமக்குச் சொந்தமானதை மட்டுமே உரிமமாகக் கொடுக்க முடியும். தமக்கு இல்லாததைக் கொடுத்தால் அந்தக் காகிதம் செல்லாது. எந்த நிரலை எடுக்கும் முன்னும், இதைக் கொடுப்பவருக்கு இது உண்மையிலேயே சொந்தமா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். பெயரும் சின்னமும் வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் வருபவை. திறந்த மூல உரிமத்தோடு அவை வருவதில்லை. புதிய பெயர் வைத்துக்கொள்வதே நல்லது.

நண்பர்களுக்குள் காகிதம் எதற்கு?

‘நமக்குள்ளே என்னடா காகிதம்’ என்று சொல்லித்தான் பெரும்பாலான குழுக்கள் தொடங்குகின்றன. நம் பதிப்புரிமைச் சட்டமோ, எழுத்தில் இல்லாத உரிமை மாற்றமும் உரிமமும் செல்லாது என்கிறது. படம் வரைந்த நண்பர் மாமாக் கடையில் ‘எடுத்துக்கோ’ என்று சொன்னது நட்புக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது.

இன்னொரு பிரிவும் கவனிக்கத்தக்கது. சம்பள வேலையின் பகுதியாகச் செய்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்குச் சேரும். ஒருவர் பணித்துச் செய்யச் சொன்ன வேலைக்கும் இதே விதிதான். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே இரவில் கேம் எழுதுபவர்கள் வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். அலுவலகக் கணினியைத் தொடாதீர்கள். கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டமாகச் செய்தது என்றால் கல்லூரியின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று நண்பர்களுக்கு ஒரு பக்கம் போதும். யார் எதைச் செய்கிறார், எந்த உரிமத்தில் தருகிறார், ஒருவர் விலகினால் அவர் செய்தது என்ன ஆகும், வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்று எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். சண்டை வந்த பிறகு இதை எழுத முடியாது. பெரிய தொகை கைமாறும் நிலை வந்தால் வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம்.

முதல் நாளே செய்ய வேண்டியவை

1. திட்டக் கோப்புறையில் ‘லைசென்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, தேர்ந்தெடுத்த உரிமத்தின் முழு வாசகத்தையும் ஆண்டோடும் பெயரோடும் வையுங்கள். உரிம வாசகத்தைச் சொந்தமாக எழுத முயலாதீர்கள்.
2. நிரலுக்கு ஒன்று, படத்துக்கும் இசைக்கும் ஒன்று எனத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.
3. வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் அதன் பெயர், படைத்தவர், எடுத்த இடம், உரிமம், எடுத்த நாள் ஆகியவற்றை ஒரு பட்டியலில் எழுதுங்கள். அன்றைக்கே எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.
4. உரிமம் காட்டும் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பக்கங்கள் மாறும், மறையும்.
5. உரிமம் எழுதாத பொருளை எடுக்காதீர்கள். தேவை என்றால் படைத்தவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு தருவார்கள்.
6. நன்றித் திரையில் எல்லாப் பெயர்களையும் போடுங்கள். உரிமம் கேட்காவிட்டாலும் போடுவது பண்பு.

தமிழில் வெளிவரும் விளையாட்டுகள் குறைவு. உருவாக்கியவர் வேலைக்குப் போய், திருமணமாகி, ஆர்வம் தணிந்ததும் பல அப்படியே நின்றுவிடுகின்றன. புதிய கைத்தொலைபேசியில் ஓடுவதில்லை, கடையிலிருந்து நீக்கப்படுகின்றன. எடுத்துத் தொடர ஆள் இருந்தும் உரிமை இல்லாததால் யாரும் தொட முடிவதில்லை. டூம் இன்றும் ஓடுகிறது என்றால் அதை உருவாக்கியவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து அடுத்தவருக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார்கள் என்பதும் ஒரு காரணம்.

அந்தப் பல்லாங்குழியை இன்று உருவாக்கும் மூவரில் ஒருவர் ஜொகூருக்கும் ஒருவர் சிங்கப்பூருக்கும் போகலாம். உரிமக் கோப்பு இருந்தால் கிள்ளானிலோ சுங்கை சிப்புட்டிலோ உள்ள ஒரு மாணவி பத்து ஆண்டு கழித்தும் அதைத் திறந்து, பிழை திருத்தி, தன் பாட்டி ஆடிய ஆட்ட முறையையும் சேர்த்து மீண்டும் வெளியிட முடியும்.